தகட்டுத் தாங்கிக்கு எந்த எலிமென்ட்? ஒரே சட்டத்துக்கு நான்கு விடைகள் வருகின்றன

தாங்கி_வடிவமைப்பு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 10 மி.மீ. எஃகுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்யும் ஒரு இயந்திரத் தாங்கியின் வலிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை எங்கள் அலுவலகத்தில் நடந்துவந்த வழக்கம், வடிவத்தை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருளுக்குள் இறக்கி, அந்தத் துண்டுகளின் வலையை (மெஷ்) உருவாக்கும் பொத்தானை அழுத்தி, படத்தில் சிவப்பு எங்கும் தெரியாவிட்டால் அறிக்கையில் கையெழுத்திடுவதுதான். அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை வராததால், தாங்கியைத் தொடும் முன், கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய ஒரு எளிய சட்டத்தைச் செய்து பார்த்தேன்.

நீளம் 500 மி.மீ., அகலம் 50 மி.மீ., தடிமன் 10 மி.மீ. கொண்ட கேன்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட சட்டம், அது. யங் குணகம் (பொருளின் விறைப்பு) 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ., பாய்சான் விகிதம் (நீளும்போது குறுக்கே சுருங்கும் பங்கு) 0.3, முனையில் சுமை 100 நியூட்டன். பாடத்தில் படித்த சூத்திரப்படி முனையின் தொய்வு சரியாக 5 மி.மீ. வரவேண்டும்; வேரில், அதாவது பிடித்த முனையில், மேற்பரப்பின் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் எழும் உள்விசை) 60 நியூட்டன்/ச.மி.மீ.

எட்டுக் கணுக்கள் (இடப்பெயர்ச்சி கணக்கிடப்படும் புள்ளிகள்) கொண்ட செங்கல் எலிமென்டை, தடிமனில் ஒரே அடுக்காக, 50 மி.மீ. நீளத்துக்கு ஒன்றாக வைத்தபோது தொய்வு 0.46 மி.மீ. மட்டுமே வந்தது. அதே மெஷ்ஷில், திரிபை (உருமாற்றத்தின் அளவை) குறைவான புள்ளிகளில் மட்டும் அளக்கும் குறைந்த ஒருங்கிணைப்புள்ளி வகையைத் தேர்ந்தெடுத்தபோது 5 மி.மீ.யைப் போலப் பல மடங்கு தொய்வு வந்து, எலிமென்டுகள் மணற்கடிகை வடிவத்தில் கோணின. நான்கு கணு டெட்ராஹெட்ரனில் (நான்முகியில்) மறுபடியும் மிகக் குறைவு. பத்துக் கணு டெட்ராஹெட்ரன் மட்டுமே 5 மி.மீ.யை ஒட்டி வந்தது. நான்கு முறையும் பொருளும் சுமையும் பிடிமானமும் ஒன்றுதான். மென்பொருள் ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை. இது ஏன் நிகழ்கிறது என்பதையும், தாங்கிக்கு எந்த வகையை எடுப்பது என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுநாள்_பொறியாளர்

நீங்கள் தாங்கியைத் தொடும் முன் சட்டத்தைச் செய்து பார்த்தது மிகச் சரியான செயல். உங்கள் 0.46 மி.மீ.யில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. அந்த எண்ணைக் காகிதத்திலேயே ஏறத்தாழ வரவழைக்க முடியும்.

ஒரு சட்டம் வளையும்போது அதன் ஒரு சிறு துண்டைக் கவனியுங்கள். மேல் விளிம்பு நீள்கிறது, கீழ் விளிம்பு சுருங்குகிறது, இரண்டு விளிம்புகளும் வில்லாக வளைகின்றன, பக்கங்கள் சுழல்கின்றன. ஆனால் விளிம்பும் பக்கமும் சந்திக்கும் செங்கோணம் செங்கோணமாகவே இருக்கிறது. எட்டுக் கணு செங்கல்லுக்கு மூலைகளில் மட்டுமே கணுக்கள் இருப்பதால் அதன் விளிம்புகள் நேர்கோடாகவே இருந்தாக வேண்டும். பக்கங்கள் சுழல, விளிம்புகள் வளையாமல் நிற்கும்போது செங்கோணங்கள் திறக்கின்றன. உண்மையான சட்டத்தில் இல்லாத இந்தக் கோணமாற்றத்தை எலிமென்ட் ஷியர் (சறுக்கு) திரிபாகக் கணக்கில் எடுத்து, அதற்கும் ஆற்றலைச் செலவிடுகிறது. ஷியர் லாக்கிங் என்று நாம் சொல்வது இதைத்தான்.

தள நிலையில் இதன் அளவு எளிது. எலிமென்டின் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை r என்றும் பாய்சான் விகிதத்தை v என்றும் கொண்டால், எலிமென்ட் உண்மையைவிட எத்தனை மடங்கு விறைப்பாக இருக்கிறது என்பது 1/(1−v²) என்பதோடு r²/(2(1+v)) என்பதைக் கூட்டினால் கிடைக்கும். உங்கள் மெஷ்ஷில் r = 50/10 = 5. முதல் உறுப்பு 1.10, இரண்டாவது 9.62, மொத்தம் 10.7. 5 மி.மீ.யை 10.7 ஆல் வகுத்தால் 0.47 மி.மீ. உங்கள் எலிமென்ட் அகல வாக்கிலும் பிடிபட்டிருப்பதால் இன்னும் சற்றே குறைந்து 0.46 வந்திருக்கிறது. சதுரமான எலிமென்ட், அதாவது r = 1, என்றாலும்கூட விறைப்பு 1.48 மடங்கு இருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு கணு டெட்ராஹெட்ரனின் நிலை இதைவிட மோசம். அதனுள் திரிபு எங்கும் ஒரே அளவு. வளைவு என்பதே மேலிருந்து கீழாகத் திரிபு மாறுவதுதான் என்பதால், ஒற்றை எலிமென்டால் வளைவைக் காட்டவே முடியாது. 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் விமான இறக்கையைக் கணக்கிட வெளியிட்ட முக்கோண எலிமென்ட்தான் இதன் இருபரிமாண மூதாதை. இறக்கைத் தகடு தன் தளத்திலேயே இழுபடும் உறுப்பு என்பதால் அங்கே அது பொருத்தமாக இருந்தது. அதே குடும்பத்து எலிமென்டை வளையும் தாங்கிக்குக் கொண்டுவருவதுதான் தவறு.

எலிமென்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என் பொருள் எந்த வடிவத்தில் உருமாறப் போகிறது, அந்த வடிவத்தை இந்த எலிமென்டால் எடுக்க முடியுமா என்பதுதான். மென்பொருளின் பட்டியலில் எது முதலில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மெஷ்_ஆய்வாளர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். இரண்டாவது விடை, அதாவது குறைந்த ஒருங்கிணைப்புள்ளி வகை ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

எட்டுக் கணு செங்கல்லின் அந்த வகையில் திரிபு அளக்கப்படும் புள்ளி ஒன்றே ஒன்று, அது எலிமென்டின் நடுவில் இருக்கிறது. தடிமனில் ஒரே அடுக்கு வைத்தால் அந்தப் புள்ளி சட்டத்தின் நடுநிலைத் தளத்தில் விழுகிறது. அங்கே வளைவினால் திரிபே இல்லை. ஆகவே எலிமென்ட் வளைகிறது என்ற செய்தியே கணக்குக்குப் போய்ச் சேர்வதில்லை; வளைவுக்கு எதிர்ப்பும் எழுவதில்லை. நீங்கள் பார்த்த தொய்வு எஃகின் விறைப்பிலிருந்து வந்ததல்ல, ஹவர்கிளாஸ் (மணற்கடிகை) கோணலைத் தடுக்க மென்பொருள் செயற்கையாகச் சேர்த்த சிறு விறைப்பிலிருந்து வந்தது.

ஆனால் இதே எலிமென்டைத் தடிமனில் n அடுக்குகளாக வைத்தால், வளைவு விறைப்பு உண்மையில் 1 − 1/n² பங்காக இருக்கும். ஓர் அடுக்குக்கு அது பூச்சியம், இரண்டுக்கு 0.75, நான்குக்கு 0.94. நான்கு அடுக்கு வைத்தால் உங்கள் சட்டம் 5.33 மி.மீ. தொய்யும். குறைந்தது நான்கு அடுக்கு என்று பலரும் சொல்லும் விதி இங்கிருந்துதான் வருகிறது.

தகைவைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. நான்கு அடுக்கில் வெளி அடுக்கின் புள்ளி மேற்பரப்பில் இல்லை; நடுத்தளத்திலிருந்து மேற்பரப்புக்குள்ள தொலைவில் முக்கால் பங்கில் இருக்கிறது. ஆகவே வேருக்கு நேராக 60 இருக்க வேண்டிய இடத்தில், 60 × 0.75 ÷ 0.94 என்ற கணக்கில் 48தான் படத்தில் தெரியும். தொய்வு ஏழு விழுக்காடு கூடுதல், தகைவு இருபது விழுக்காடு குறைவு. இரண்டும் ஒரே மெஷ்ஷிலிருந்து. தொய்வு ஒத்துவந்துவிட்டது என்பதற்காகத் தகைவும் சரி என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

தாங்கி_வடிவமைப்பு

இருவருக்கும் நன்றி. நான்கு அடுக்கு விதியைப் படித்தவுடன் முழு ஒருங்கிணைப்பு வகையிலும், அதாவது நான் முதலில் வைத்த செங்கல்லிலும், தடிமனில் நான்கு அடுக்கு வைத்துப் பார்த்தேன். நீள வாக்கில் 50 மி.மீ. என்பதை மாற்றவில்லை. எலிமென்ட் எண்ணிக்கை நான்கு மடங்கானது, தொய்வோ 0.46இலிருந்து 0.47க்குத்தான் நகர்ந்தது. மெஷ்ஷை நுணுக்கினால் விடை உண்மையை நோக்கிப் போகும் என்றல்லவா படித்தோம்?

நெடுநாள்_பொறியாளர்

நல்ல சோதனை. ஒரு வகை எலிமென்டுக்குச் சொல்லப்பட்ட விதியை இன்னொரு வகைக்கு எடுத்துச் செல்லும்போது என்ன ஆகும் என்பதை இது நேரடியாகக் காட்டுகிறது.

பொய்யான ஷியர் திரிபு எலிமென்டின் நீளத்தைப் பொறுத்தது, அடுக்குகளைப் பொறுத்ததல்ல. 50 மி.மீ. நீளமுள்ள விளிம்பு நேர்கோடாக நிற்கிறது என்பதுதான் சிக்கல். தடிமனை நான்காகப் பிரித்தால் ஐந்து நேர்கோடுகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட வளைவதில்லை. மேலே கொடுத்த கணக்கில் இரண்டாவது உறுப்பை, எலிமென்டின் நீளத்துக்கும் சட்டத்தின் முழுத் தடிமனுக்கும் உள்ள விகிதமாகப் படித்துக்கொள்ளுங்கள். அடுக்கு கூடினாலும் அது 9.62ஆகவே நிற்கும். நீள வாக்கில் 12.5 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தால் அந்த உறுப்பு 0.6ஆகக் குறைந்து, தொய்வு 3 மி.மீ.க்கு அருகே வரும். இன்னும் பாதியாக்கினால் உண்மையை நெருங்கும். மெஷ்ஷை நுணுக்கினால் விடை திருந்தும் என்பது உண்மைதான்; எந்தத் திசையில் பிழை இருக்கிறதோ அந்தத் திசையில் நுணுக்க வேண்டும்.

எட்டுக் கணு செங்கல்லை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 1973இல் வில்சனும் உடன் பணியாற்றியவர்களும், விளிம்பு வளைவதற்கு வேண்டிய கூடுதல் இடப்பெயர்ச்சி வடிவங்களை எலிமென்டுக்குள்ளேயே சேர்த்தார்கள். அந்த வடிவங்கள் பக்கத்து எலிமென்டோடு பொருந்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் அது செவ்வக வடிவத்தில் அருமையாக வேலை செய்து, கோணலான வடிவத்தில் ஒரே அளவான திரிபைக்கூடச் சரியாகக் காட்டாமல் ஐயன்ஸின் பேட்ச் சோதனையில் தோற்றது; 1976இல் டெய்லர், பெரெஸ்ஃபோர்டு, வில்சன் ஆகியோர் அதைத் திருத்தினார்கள். இன்று அபாகஸ் மென்பொருளில் சி3டி8ஐ என்ற பெயரில் இருப்பது இந்தக் குடும்பத்து எலிமென்ட்தான். உங்கள் நேரான சட்டத்தில் ஒரே அடுக்கு வைத்தாலே 5 மி.மீ.யை ஒட்டிய விடையைத் தரும்.

ஆனால் எலிமென்டைச் சரிவகமாகச் சாய்த்தால் அந்த நன்மை வெகுவாகக் குறைந்துவிடும். 1985இல் மெக்நீலும் ஹார்டரும் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் 6 நீளம், 0.2 உயரம் கொண்ட மெல்லிய சட்டத்தை ஆறு எலிமென்டுகளாக, முதலில் செவ்வகமாகவும் பிறகு சரிவகமாகவும் அதன்பின் இணைகரமாகவும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். புதிய மென்பொருள் கையில் வரும்போதெல்லாம் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்த மூன்று சட்டங்களைத்தான். அரை நாள் வேலை. பல ஆண்டுகளுக்கு உதவும்.

டெட்ரா_ஆதரவாளர்

இவ்வளவு நுணுக்கத்தில் புதியவர் ஒருவரை இறக்குவது தேவையா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. பத்துக் கணு டெட்ராஹெட்ரன் தொடக்கத்திலேயே சரியான விடையைத் தந்திருக்கிறது. அதன் விளிம்புகளில் நடுக்கணு இருப்பதால் வில்லாக வளையும். உள்ளே திரிபு நேர்கோடாக மாறும். எந்தச் சிக்கலான வடிவத்தையும் மென்பொருள் தானாகவே அதனால் நிரப்பிவிடும். கணினி நேரம் இன்று மலிவு. பொறியாளரின் நேரம் மலிவல்ல. செங்கல் மெஷ்ஷுக்காக வடிவத்தை வெட்டி வெட்டி இரண்டு நாள் செலவழிப்பதைவிட, இந்தப் பத்துக் கணு டெட்ராஹெட்ரனை எல்லா இடத்திலும் போட்டுவிட்டு, ஒருமுறை நுணுக்கிப் பார்த்து, விடை நகரவில்லை என்றால் முடித்துக்கொள்வதே நல்ல நடைமுறை. எங்கள் வார்ப்பு உறுப்புகள் அனைத்தையும் இப்படித்தான் கணக்கிடுகிறோம்.

நெடுநாள்_பொறியாளர்

வார்ப்பு உறுப்புக்கு நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். மூன்று திசையிலும் ஏறத்தாழ ஒத்த அளவு கொண்ட, மடிப்பும் குழிவும் நிறைந்த வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமான எலிமென்ட் இல்லை. வேறுபடுவது, எல்லா இடத்திலும் என்று நீங்கள் சொன்னதில்தான்.

இந்த நண்பரின் தாங்கி தகடுகளால் ஆனது. தகட்டின் நீள அகலம் நூற்றுக்கணக்கான மில்லிமீட்டர், தடிமன் 10. டெட்ராஹெட்ரன் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் அதன் விளிம்புகள் மிகவும் நீண்டுவிடாமல் இருக்க வேண்டும். தடிமனோ 10 மி.மீ. ஆகவே எலிமென்ட் அளவும் அதை ஒட்டியே இருக்க வேண்டியதாகிறது. ஒரு மீட்டர் சதுரத் தகட்டுக்கே இலட்சக்கணக்கில் எலிமென்டுகள் வரும். தகட்டை அதன் நடுத்தளப் பரப்பாக மட்டும் கொள்ளும் ஷெல் எலிமென்டில் தடிமன் ஓர் எண் மட்டும், 20 மி.மீ. மெஷ்ஷில் அதே தகடு 2,500 எலிமென்டுகளில் முடிந்துவிடும். நாளை தடிமனை 8 மி.மீ. ஆக்கிப் பார்க்க வேண்டுமென்றால் வடிவத்தைத் தொடாமல் ஓர் எண்ணை மாற்றினால் போதும். வடிவமைப்பு என்பது திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பதுதானே. கணினி நேரத்தைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

தடிமன், தாங்குபுள்ளிகளுக்கு இடையிலான தொலைவில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் மெல்லிய தகடு என்று கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஷியர் உருமாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடும் தடித்த ஷெல் வகை வேண்டும். சட்டத்தை ஒரு கோடாகக் கொள்ளும் பீம் எலிமென்டிலும் இதே கதைதான். செவ்வகக் குறுக்குவெட்டுள்ள கேன்டிலீவரில் ஷியரால் வரும் தொய்வு, வளைவால் வரும் தொய்வில் 0.78 × (உயரம்/நீளம்)² பங்கு. நீளம் உயரத்தைப்போல் பத்து மடங்கு என்றால் ஒரு விழுக்காடுகூட இல்லை. இரண்டே மடங்கு என்றால் இருபது விழுக்காடு.

பீம் எலிமென்டில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரியல் வடிவச் சார்பு (கணுக்களுக்கு இடையே இடப்பெயர்ச்சி நேர்கோடாக மாறுவது) கொண்ட பீம் எலிமென்ட் ஒன்றை மட்டும் உங்கள் 500 மி.மீ. சட்டத்துக்கு வைத்தால் 5க்குப் பதில் 3.75 மி.மீ. வரும், நான்கு வைத்தால் 4.92. முப்படிச் சார்பு கொண்ட பீம் ஒன்றே 5 தரும். படத்தில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும்.

டெட்ராஹெட்ரனைப் பற்றி ஒரு எச்சரிக்கையும். பத்துக் கணு டெட்ராஹெட்ரனின் முகத்தில் சீரான அழுத்தம் விழும்போது, மூலைக் கணுக்களுக்குச் சுமை பூச்சியம். நடுக்கணுக்கள் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு வீதம் ஏற்கின்றன. கணக்கின்படி இது சரி. ஆனால் இரண்டு பாகங்கள் தொட்டு அழுத்தும் இடத்தில், கணுவில் விசை பூச்சியம் என்பது தொடவே இல்லை என்பதாகச் சில தொடுகை முறைகளில் பொருள்பட்டுவிடும். இதற்கென்று திருத்திய டெட்ராஹெட்ரன் வகைகள் உள்ளன. தொடுகை இருக்கும் வார்ப்பு உறுப்புகளில் உங்கள் மென்பொருள் எதைப் பயன்படுத்துகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெட்ரா_ஆதரவாளர்

தொடுகை பற்றிய குறிப்பு எனக்குப் பயன்படும். தகட்டு அமைப்புக்கு ஷெல் என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஷெல்லில் நடுத்தளத்தைப் பிரித்தெடுப்பதும், ஒன்றோடொன்று முட்டும் தகடுகளை இணைப்பதும் எளிதான வேலையல்ல; அங்கே வரும் பிழைகள் டெட்ராஹெட்ரனில் வருவதில்லை என்பதையும் புதியவர் அறிந்துகொள்ள வேண்டும்.

கான்கிரீட்_கட்டமைப்பு

நான் இயந்திரத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கான்கிரீட் கட்டமைப்புகளைக் கணக்கிடுபவன். இந்த இழையைப் படிக்கும்போது ஸ்லைப்னர் ஏ நினைவுக்கு வந்தது. எலிமென்ட் தேர்வும் மெஷ்ஷும் பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு எங்கள் துறையில் எப்போதும் சொல்லப்படும் நிகழ்வு அது.

வடகடலில் எண்ணெய் எரிவாயு எடுக்கும் மேடைக்காக நார்வேயில் கட்டப்பட்ட பெரும் கான்கிரீட் அடித்தளம் அது. 24 உருளை அறைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வடிவம். மூன்று உருளைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோணம் போன்ற ஓர் இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளி மேலே கடலுக்குத் திறந்திருப்பதால், அடித்தளம் நீருக்குள் இறங்க இறங்க அதன் சுவர்களின் மீது நீரின் முழு அழுத்தமும் விழும். 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே ஃபியோர்டு ஒன்றில் அடித்தளத்தைச் சோதனைக்காக இறக்கிக்கொண்டிருந்தபோது, அந்தச் சுவர்களில் ஒன்று உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. வெளியேற்றும் பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. சில நிமிடங்களில் முழு அடித்தளமும் மூழ்கி, கடலடியில் மோதி நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் தப்பினார்கள். மோதிய அதிர்வு நில அதிர்வுமானிகளில் ரிக்டர் 3 அளவில் பதிவானது.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தவை இரண்டு. முக்கோண இடைவெளிச் சுவர், இரு முனையிலும் பிடிக்கப்பட்ட குட்டையான பீம் போன்றது. அதன் முனையில் ஷியர் விசையே ஆதிக்கம் செலுத்தும். அங்கே மெஷ் போதுமான அளவு நுணுக்கமாக இல்லை. வளைந்த வடிவத்துக்குள் பொருத்துவதற்காக எலிமென்டுகள் கோணலாக இருந்தன. அதிலிருந்து எடுத்த ஷியர் விசை உண்மையைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக வந்தது. அதே இடத்தில் கம்பிகள் போதுமான நீளத்துக்குச் செல்லாமல் நிறுத்தப்பட்டிருந்தது இரண்டாவது காரணம். பின்னர் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது சுவர் 62 மீட்டர் நீர் அழுத்தத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் அது உடைந்தது 65 மீட்டரில்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. முனைகள் பிடிக்கப்பட்ட பீமின் ஷியர் விசை, ஓர் அலகு நீளத்தின் சுமையையும் மொத்த நீளத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். அதற்குக் கணினியே வேண்டாம். மாற்று அடித்தளத்தை வடிவமைத்தவர்கள் கணினி விடைக்காகக் காத்திராமல் முதலில் கைக்கணக்கைக் கொண்டே வேலையைத் தொடங்கினார்கள். 1993இல் அது கடலுக்குச் சென்றது. இந்த இழையைத் தொடங்கியவர் 5 மி.மீ. என்று முதலில் எழுதிவைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாரே, அந்த வரிசையை எந்நாளும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கி_வடிவமைப்பு

அனைவரும் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. ஸ்லைப்னர் பற்றிப் படித்ததும் என் தாங்கியில் முனைப் பிடிமானம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் எதிர்விசையைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். மொத்தச் சுமையோடு ஒத்துவந்தது.

தாங்கி முழுவதையும் ஷெல்லாக மாற்றினேன். அடியில் 60 மி.மீ. தடிமனுள்ள ஒரு கட்டை இருப்பதால் அதை மட்டும் பத்துக் கணு டெட்ராஹெட்ரனாக விட்டு, தகட்டின் விளிம்பைக் கட்டையின் மேற்பரப்புக் கணுக்களோடு இணைத்தேன். தொய்வு, கைக்கணக்கில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. படத்தை அசைத்துப் பார்த்தால் தகடு கட்டையின் மேல் கதவுபோலத் திரும்புகிறது. எங்கே தவறு?

மெஷ்_ஆய்வாளர்

கதவு என்று நீங்கள் எழுதியதே விடை. அங்கே உண்மையிலேயே ஒரு கீல் உருவாகியிருக்கிறது. ஷெல்லின் கணுவுக்கு ஆறு இயக்கங்கள் உண்டு, மூன்று நகர்வும் மூன்று சுழற்சியும். திண்ம எலிமென்டின் கணுவுக்கு மூன்று நகர்வு மட்டுமே. ஒரே வரிசைக் கணுக்களில் இரண்டையும் சேர்த்தால் நகர்வு மட்டும் இணைகிறது. சுழற்சியைப் பிடித்துக்கொள்ள மறுபக்கத்தில் யாரும் இல்லை. தகட்டின் வளைவுத் திருப்புவிசை கட்டைக்குப் போவதற்கு வழியே இல்லை.

இரண்டு வழிகள் உள்ளன. மென்பொருளில் ஷெல்லையும் திண்மத்தையும் இணைப்பதற்கென்றே உள்ள கட்டுப்பாட்டைப் பயன்படுத்தலாம். அது தகட்டின் தடிமன் அளவுக்குக் கட்டையின் மேற்பரப்பில் ஒரு பட்டையைப் பிடித்து, சுழற்சியை எதிரெதிர் விசைகளாக மாற்றிக் கொடுக்கும். அல்லது தகட்டைக் கட்டைக்குள் ஒன்றிரண்டு எலிமென்ட் ஆழத்துக்கு நீட்டி, அங்குள்ள கணுக்களோடு இணைக்கலாம். முதல் வழி தூய்மையானது. பீமைத் திண்மத்தோடு இணைக்கும்போதும் இதே கவனம் தேவை. தகட்டின் மேல் செங்குத்தாக நிற்கும் பீமின் முறுக்கமும் இப்படித்தான். தன் தளத்துக்குள்ளான சுழற்சிக்கு ஷெல்லில் உண்மையான விறைப்பு கிடையாது.

தாங்கி_வடிவமைப்பு

இணைப்பு முறையை மாற்றினேன். தொய்வு கைக்கணக்கிலிருந்து நான்கு விழுக்காட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது பற்று ஓரத்துத் தகைவு. இரண்டு தகடுகள் சந்திக்கும் கோட்டில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகிறது. எந்த எண்ணை அறிக்கையில் எழுதுவது?

நெடுநாள்_பொறியாளர்

அந்தக் கோட்டில் வரும் எண்ணை எழுதவே கூடாது. கூரான உள்மூலையில் மீட்சிக் கோட்பாட்டின்படியே தகைவுக்கு எல்லை இல்லை. எந்த எலிமென்டை மாற்றினாலும் அது நிலைக்காது. பற்று ஓரத்தின் சோர்வு வலிமைக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் வலிமைக்கு, பன்னாட்டுப் பற்றவைப்பு நிறுவனம் பரிந்துரைக்கும் ஹாட் ஸ்பாட் முறையைக் கையாளுங்கள். தடிமன் அளவிலேயே, உங்களுக்கு 10 மி.மீ., நடுக்கணு உள்ள ஷெல் எலிமென்டுகளை மூலையிலிருந்து வரிசையாக வையுங்கள். மூலையிலிருந்து 5 மி.மீ. தொலைவிலும் 15 மி.மீ. தொலைவிலும் உள்ள நடுக்கணுக்களில் மேற்பரப்புத் தகைவை எடுத்து, முதலாவதின் 1.5 மடங்கிலிருந்து இரண்டாவதின் 0.5 மடங்கைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக 92, 76 என்று கிடைத்தால் 138 − 38 = 100. சுமை தாங்கும் கோணப் பற்றுக்கு இருபது இலட்சம் சுழற்சிகளுக்கு அந்த முறையில் கொள்ளப்படும் தகைவு வீச்சு 90 என்பதால், அந்த நிலையில் தகட்டையோ பற்றையோ மாற்ற வேண்டிவரும்.

இந்த முறையில் எலிமென்ட் அளவும் படிக்கும் புள்ளியும் முறையின் உறுப்புகள். மெஷ்ஷை இன்னும் நுணுக்கினால் முறை மேம்படும் என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள். நுணுக்கமான மெஷ்ஷுக்கு 0.4, 1.0 தடிமன் தொலைவுகளும் 1.67, 0.67 என்ற பெருக்கிகளும் தனியாக உள்ளன.

தாங்கி_வடிவமைப்பு

செய்து பார்த்தேன், அதிகமாக வந்த இடத்தில் 81. வெளிவரிசை எலிமென்டுகளை இருமுறை சரிபார்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று மட்டும். கட்டைக்கு அடியில் 20 மி.மீ. ரப்பர் திண்டு ஒன்று வருகிறது. பொருள் அட்டவணையில் பாய்சான் விகிதம் 0.499 என்று இருக்கிறது. அதற்கும் பத்துக் கணு டெட்ராஹெட்ரனே போதுமா?

மெஷ்_ஆய்வாளர்

0.3 பாய்சான் விகிதத்தில் பரும விறைப்பு, ஷியர் விறைப்பைப்போல் 2.2 மடங்கு, 0.499இல் 500 மடங்கு. ஒவ்வோர் ஒருங்கிணைப்புப் புள்ளியிலும் பருமன் மாறக்கூடாது என்ற கட்டளை எழுகிறது. எலிமென்டின் இயக்கங்கள் அந்தக் கட்டளைகளுக்கே செலவாகிவிட்டால் உருமாற மிச்சம் எதுவும் இருக்காது. சாதாரண பத்துக் கணு டெட்ராஹெட்ரன் இங்கே விறைத்துப்போகும், அழுத்தப் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். அழுத்தத்தைத் தனி மாறியாகக் கணக்கிடும் கலப்பு வகையை, அபாகஸில் பெயரின் இறுதியில் எச் சேர்ந்திருக்கும் வகையை, எடுத்துக்கொள்ளுங்கள். திண்டு எளிய வடிவம் என்பதால் எட்டுக் கணு செங்கல்லின் கலப்பு வகையே போதும். முதலில் திண்டை மட்டும் தனியாக வைத்து அழுத்தி, தயாரிப்பாளர் கொடுத்த சுமை–அமுக்க வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டு, பிறகு தாங்கியின் அடியில் சேருங்கள்.

தாங்கி_வடிவமைப்பு

அப்படியே செய்கிறேன். தயாரிப்பாளரின் வரைபடத்தில் 8 கிலோநியூட்டன் வரை அளவுகள் உள்ளன. என் சுமை 6. திண்டின் கணக்கு முடிந்ததும் அமுக்கத்தின் இரண்டு எண்களையும் இங்கேயே பதிவிடுகிறேன்.